வெள்ளிக் கோப்பையில் ஏழு பூ

அங்கம்மாவின் வலது மணிக்கட்டு உள்பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருக்கும். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஆனைக்கல் தேயிலைத் தோட்டத்து எட்டாம் நம்பர் மலையில், அடைமழை ஈரத்தில், கொழுந்துக் கூடையோடு சறுக்கித் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் கை ஊன்றி விழுந்ததில் முறிந்த கை. கட்டு அவிழ்த்தபோது எலும்பு தன்பாட்டுக்கு ஒரு தினுசாகக் கூடியிருந்தது. அந்தக் கையால் சோறு பிசையலாம், துணி அலசலாம், புருசனைப் பார்த்து ஆட்டி ஆட்டிப் பேசலாம். ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து பறிக்க மட்டும் முடியாது. பதினெட்டுக்குக் குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், அரைநாள் சம்பளம். அரைப்பேராகவே ஆறு மாதம் ஓடினால் வேலைப் பதிவான செக்ரோலில் பேரை வெட்டிவிடுவது ஆனைக்கல்லின் வழக்கம்.

பேர் போனால் தோட்டம் கொடுத்த காம்பராவும் போகும். அங்கம்மாவுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். ஏழாம் லயத்து வரிசை வீடுகளில் நாலாவது காம்பரா அவள் வாழ்க்கைப்பட்டு வந்த இடம். புருசன் இராசையாவுக்கு அறுபது முடிந்து பேர் வெட்டியாயிற்று. மகன் நிஷாந்த் கொழும்பில் ஒரு இரும்புக்கடையில் நிற்கிறான். தீபாவளிக்கு வந்து மலைக் குளிரில் இரண்டு நாள் இருமிவிட்டுப் போகிறவன். ஆக, அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை அங்கம்மாவின் பேரில்தான் நின்றுகொண்டிருந்தது.

"நாஞ் செத்தா இந்தக் காம்பராவுலதான் சாகணும். அதுவரைக்கும் நீ பேர விட்றாத" என்பார் இராசையா, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு.

"அப்ப வெரசாச் சாவுங்க. எனக்கும் இன்னும் நாலு வருசந்தான் இருக்கு" என்பாள் இவள்.

கை முறிந்த காலத்தில் தோட்டத்தை நடத்திய துரை, அவளை மலையிலிருந்து எடுத்துத் தன் பங்களாவில் பூ வைக்கிற வேலையில் போட்டார். பிறகு துரைமார் அங்கே குடியிருப்பதை விட்டார்கள். கொழும்புக் கம்பனி ஒன்று பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, சுவருக்கு வெள்ளையடித்து, வெந்நீர்க் குழாய் போட்டு, ஊர் பார்க்க வருகிறவர்கள் தங்குகிற இடமாக்கியது. சமையல்காரர் மாறினார். மேசை நாற்காலி மாறியது. அங்கம்மா தளவாடத்தோடு தளவாடமாக அங்கேயே நின்றாள். பேர் தோட்டத்தில், வேலை பங்களாவில்.

ஹாலின் நடுவே ஒரு வட்ட மேசை. அதன்மேல் எந்தக் காலத்துத் துரையோ டென்னிஸ் ஆடி ஜெயித்த வெள்ளிக் கோப்பை. அதில் தினமும் காலை ஏழு மணிக்குள் பூ நிற்கவேண்டும். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. எந்தப் பூ எந்தப் பூவோடு ஒத்துக்கொள்ளும், எது பக்கத்தில் நிற்பதை அமுக்கிவிடும் என்பதை அவளாகவே சம்பந்தம் பேசுகிற மாதிரி விசாரித்துத் தெரிந்துகொண்டாள். ஒரு விசயத்தில் மட்டும் கண்டிப்பு. நேற்றைய பூ இன்றைக்கு ஆகாது. வாடியிருந்தாலும் வாடாவிட்டாலும் விடிந்ததும் எடுத்து, பக்கத்துக் காம்பராப் பெரியாயியின் மாட்டுக்குப் போட்டுவிடுவாள். சாமிக்கு வைத்ததையும் அப்படித்தானே எடுக்கிறோம், வெள்ளிக் கோப்பைக்கு மட்டும் என்ன வேறு சட்டம்?

அந்தக் கண்டிப்புதான் முதலில் வினையாக வந்தது.

மாசி முடிகிற நேரம் பங்களாவில் தங்கத் துஷாந்தி வந்து இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். பதுளை பஜாரில் ஒரு காலத்தில் துணிக்கடை வைத்திருந்த சிதம்பரநாதனின் பேத்தி. எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்தபின் குடும்பம் திருச்சிக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்குப் போய்விட்டது. இவள் அங்கேயே பிறந்து வளர்ந்து, ஓவியம் படித்து, அதிலேயே பேர் வாங்கியவள். தமிழ் பேசினாள். ஒவ்வொரு சொல்லையும் கீறல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு வைக்கிற மாதிரிப் பேசினாள்.

"மேடம்னு கூப்பிடாதீங்க, அங்கம்மா அக்கா. நானும் பதுளைதான்."

"சரிங்க, மேடம்."

வந்த மறுநாள் துஷாந்தி ஹாலுக்குள் நுழைந்தாள், வெள்ளிக் கோப்பையைப் பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள். வெள்ளை லில்லி இரண்டு. வெளிர் மஞ்சள் ரோசா இரண்டு, ஒன்று மலர்ந்தது, ஒன்று மொட்டு. நீலமாகக் கொத்தாகப் பூக்கிற பங்களாப் பூ ஒரு கொத்து. வெள்ளைச் செவ்வந்தி ஒன்று. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு டேலியா. அன்றைக்குப் பகல் முழுவதும் எதிரே உட்கார்ந்து, கித்தானில் கரிக்கோடு இழுத்து, சாயந்தரம் எண்ணெய்ச் சாயத்தில் ஒரு லில்லியின் பாதி வரைக்கும் வந்திருந்தாள். அங்கம்மா மத்தியானமே லயத்துக்குப் போய்விடுகிறவள். அவளுக்கு இது எதுவும் தெரியாது.

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல வந்தாள். பழைய பூவை எடுத்தாள். நேற்றையதைவிட அழகாக, ஒரு கை செவ்வந்தியும் பன்னத் தழையுமாக வைத்துவிட்டு, தன் வேலை தனக்கே பிடித்துப்போய் இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து தேநீர்க் கோப்பை விழுந்து உடைகிற சத்தம் கேட்டது.

பங்களா மேனேஜர் றில்வான் ஓடிவந்தார். வெலிமடைக்காரர், நல்ல மனுசன், கொழும்பு ஒபிஸ் என்ற சொல்லைக் கேட்டாலே வேர்க்கிறவர்.

"அங்கம்மா, பழைய பூ எங்க?"

"பெரியாயி அக்கா மாடு தின்னுருச்சுங்க, சேர்."

"மாடா?" என்றாள் துஷாந்தி. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

றில்வான் அங்கம்மாவைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். "இந்த மேடம் யாருன்னு தெரியுமா? கொழும்புக் கம்பனிப் பெரிய போஸோட கூட்டாளி. இவங்க ஒரு வரி எழுதினா, நாளைக்கு நீங்க திரும்பக் கூடையத் தூக்கிட்டுப் பெரட்டுல நிப்பீங்க. நான் வெலிமட பஸ்ஸுல இருப்பேன்."

அங்கம்மாவின் கண்ணுக்குள் காம்பராவின் தகரக் கூரை வந்து போனது. "சேர், மத்தியானத்துக்குள்ள நேத்து இருந்த மாதிரியே வச்சுத் தர்றேன்."

"நேத்து இருந்த மாதிரின்னா?"

"நேத்து இருந்த மாதிரிதாங்க."

வைத்தாள். எந்தத் தண்டு எந்தத் தண்டின்மேல் சாய்ந்திருந்தது, மொட்டு எந்தப் பக்கம் பார்த்திருந்தது, டேலியாவின் இலை கோப்பையின் விளிம்பில் எவ்வளவு தொங்கியது, எல்லாம் அவள் கையில் இருந்தது. துஷாந்தி போனில் பிடித்த படத்தையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து அந்த வளைந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, படம் முடியிற வரைக்கும் தெனமும் இப்படி வச்சுத் தருவீங்களா? மூணு கிழமை, இருபத்தோரு நாள்."

போட்டோவைப் பார்த்து வரையலாமே என்று றில்வான் மெதுவாகக் கேட்டார். போட்டோவுக்குள் காற்று இல்லை என்றாள் துஷாந்தி. அன்று மாலை அங்கம்மா இதைச் சொன்னபோது இராசையா விழுந்து விழுந்து சிரித்தார். "பூவுக்குக் காத்து வேணுமாம். இங்க காம்பராவுக்குச் சன்னல் வேணும்னு முப்பது வருசமாக் கேக்குறோம்."

அப்படித் தொடங்கியது. துஷாந்தி ஒரு நேரத்தில் ஒரு பூவைத்தான் வரைந்தாள். ஒரு பூவுக்கு மூன்று நாள், சிலதுக்கு நாலு நாள். ஆனால் அந்த ஒரு பூவின்மேல் மற்ற ஆறும் எப்படி நிழல் போடுகின்றன என்று அவள் பார்க்கவேண்டும். ஆகவே ஏழும் தினமும் நிற்கவேண்டும். அங்கம்மா நாலு மணிக்கு எழும்பினாள். தண்டின் நீளத்துக்கு ஒரு நூல் வைத்திருந்தாள், ஏழு பூவுக்கும் ஏழு முடிச்சு. மேசையில் கோப்பையின் கால் நிற்கிற இடத்தைச் சவுக்காரக் கட்டியால் குறித்துவைத்தாள்.

"அக்கா, இந்த ரோசா ஒரு விரல் அளவு இடப்பக்கம் திரும்பிருச்சு."

"அது பூவுங்க, மேடம். வெளிச்சம் இருக்கிற பக்கம் திரும்பத்தான் செய்யும். நான் என்ன கயிறு போட்டா கட்டுறது?"

துஷாந்தி சிரித்தாள். இவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ரோசாவின் தண்டில் தேயிலைக் குச்சி ஒன்றைச் சேர்த்து நூலால் கட்டினாள்.

டேலியாவும் நீலப் பூவும் தவிர, பங்களாத் தோட்டத்துப் பூ நாலு நாளில் தீர்ந்தது. அதற்குப் பிறகு லயங்கள்தான். ஒவ்வொரு காம்பராவின் முன்னாலும் ஒரு பாய் அகலத்துக்கு ஏதாவது இருக்கும், இரண்டு ரோசா, ஒரு செவ்வந்தி, பால்டின்னில் நட்ட ஏதோ ஒன்று. லில்லி, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் கானோரத்தில் கிடைத்தது. அதை எடுத்துவர முழங்கால் சேற்றில் இறங்கவேண்டும். ரோசா மொட்டு டீச்சரம்மா வீட்டில். மலர்ந்த ரோசா மருந்துக் காம்பராவில். செவ்வந்தி மூன்றாம் லயத்து விஜயலெட்சுமியிடம். காலில் அட்டை ஏறியதுகூடத் தெரியாமல் அவள் பங்களாப் படியேறுவாள். ஒருநாள் ஹாலின் வெள்ளைத் தரையில் இரத்தம் சொட்டு வைத்துக்கொண்டு வந்ததைத் துஷாந்தி பார்த்துவிட்டாள்.

"ஐயோ, என்னக்கா இது?"

"அட்டைங்க. அதுக்கும் பசிக்கும்ல."

அட்டை கடித்த பாதத்தையே துஷாந்தி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கம்மா துணியெடுத்துத் தரையைத் துடைத்தாள்.

முதல் கிழமை எல்லாரும் கேட்டதும் கொடுத்தார்கள். கனடாக்காரி படம் வரைகிறாளாம், நம்ம வீட்டுப் பூவும் அதில் வருமாம் என்று ஒரு பெருமை. இரண்டாம் கிழமை சலிப்பு வந்தது. மூன்றாம் கிழமை அவள் லயத்து வாசலில் தலை காட்டினாலே சத்தம் கேட்கும்.

"ஏய், அங்கம்மா வருது, பூவ மூடு!"

"எங்க வீட்டுல பூ இல்ல, கருவாடு இருக்கு. கோப்பையில குத்தி வைக்கிறியா?"

"இந்தா விஜயலெட்சுமி, ஒம் மக தலையில இருக்கிறதையும் ஒருக்காப் பாத்துக்க, பிடுங்கிட்டுப் போயிரும்."

அவளும் விடவில்லை. "கருவாட்ட நீயே குத்திக்க, ஒங் கொண்டைக்கு எடுப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கேட்டு வாங்கித்தான் போனாள். கேட்டு வாங்கினாள், ஒரு பூவைத் தவிர.

டேலியாவைத் துஷாந்தி கடைசிக்கு வைத்திருந்தாள். அந்தச் சிவப்பு அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டு தடவை வரைந்து இரண்டு தடவையும் சுரண்டி எடுத்தாள். இன்னும் இரண்டே நாள், வியாழனும் வெள்ளியும், முடித்துவிடுவேன் என்றாள். ஆனால் புதன்கிழமை கல்மழை பெய்தது. பங்களாவில் மிஞ்சியிருந்த டேலியா எல்லாம் கந்தலாகிப் போனது. தோட்டம் முழுக்கத் தேடினால், இறவாரத்துக்குக் கீழே ஒதுங்கி நின்ற ஒரே ஒரு பூதான் முழுசாக இருந்தது. பெரியாயி வாசலில்.

அந்தப் பூவின் காம்பில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மாரியம்மன் திருவிழாவில் கரகம் பாலிக்கிற நாள், ஆற்றங்கரையில் கரகத்தைச் சோடித்துத் தலையில் எடுத்துவருவார்கள். இந்த வருடம் கரகம் எடுக்கிறது பெரியாயியின் மகன் ரமேஸ். கரகத்தின் உச்சியில் வைக்கிற பூவை, எடுக்கிறவன் வீட்டிலேயே வளர்த்து, மொட்டு விட்ட நாளில் துணி கட்டி நேர்ந்துவிடவேண்டும் என்பது ஆனைக்கல் வழக்கம்.

புதன்கிழமை பின்னேரம் அங்கம்மா போய் நின்றாள். "அக்கா, ஒண்ணே ஒண்ணு."

பெரியாயி மாட்டுக்குத் தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "கண்ணு தெரியலயா? துணி கட்டியிருக்கு."

"பக்கத்துல ஒரு மொட்டு இருக்கேக்கா, வெள்ளிக்குள்ள விரிஞ்சிராதா?"

"விரியும், விரியாது, அது ஆத்தா இஷ்டம். ஒங் கனடாக்காரிக்கு வேணும்னா கனடாவுலேருந்து கொண்டாரச் சொல்லு."

"அக்கா, எனக்கு வேல போயிரும்க்கா."

"போவாது. நீதான் அந்தக் கோப்பைக்குள்ளயே குடியிருக்கியே." சொல்லிவிட்டுப் பெரியாயி வாளியோடு உள்ளே போய்விட்டாள்.

அந்த டேலியாக் கிழங்கை ஆறு வருடத்துக்கு முன்னால் பங்களாக் குப்பைக் குழியிலிருந்து எடுத்துவந்து பெரியாயிக்குக் கொடுத்தவளே அங்கம்மாதான். வியாழக்கிழமை காலை இருட்டில், கத்தியோடு அந்த வாசலில் குனிந்தபோது, அதைத்தான் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கிழங்கு நான் கொடுத்தது. மாடு தின்ற பூ அத்தனையும் நான் போட்டது. ஒரு பூ. ஒரே ஒரு பூ. மஞ்சள் துணியை அவிழ்த்துவிட்டுப் பூவை அறுத்தாள். அறுத்த பிறகு துணியை என்ன செய்வதென்று தெரியவில்லை. வெறுங்காம்பிலேயே திரும்பக் கட்டிவிட்டு வந்தாள்.

"என்ன சிவப்பு!" என்றாள் துஷாந்தி. "எங்கேருந்து அக்கா?"

"பக்கத்து வீட்டுல, மேடம்."

இரண்டு நாளும் அந்த ஒரே பூவை வைத்து, இரவில் ஈரத் துணி போர்த்திக் காப்பாற்றி, வெள்ளி மத்தியானம் படம் முடிந்தது.

வெள்ளி பின்னேரம் தப்புச் சத்தத்தோடு ஆற்றிலிருந்து கரகம் வந்தது. வேப்பிலை, செவ்வந்தி, உச்சியில் ஹல்துமுல்லை பஜார்க் கடையில் வாங்கிய ஒரு பிளாஸ்டிக் ரோசா. பெரியாயி வீட்டு மொட்டு விரியவில்லை. கரகம் ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். வீட்டுப் பொம்பிளை மஞ்சள் தண்ணி ஊற்றி, எடுத்து வருகிறவன் காலைக் கழுவவேண்டும். ஏழாம் லயத்தில் முதலாம் காம்பராவில் நின்றது. இரண்டில் நின்றது. மூன்றில், தன் வீட்டிலேயே, ரமேஸ் நின்றான். பெரியாயி மகனின் காலைக் கழுவினாள். நாலாவது வாசலில் அங்கம்மா குடத்தோடு குனிந்து தயாராக இருந்தாள். பக்கத்தில் இராசையா சூடம் ஏற்றிய தட்டோடு.

ரமேஸ் நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆடியபடி அவளைத் தாண்டி ஐந்தாவது வாசலுக்குப் போனான். தப்புக்காரர்கள் ஒரு விநாடி தயங்கிவிட்டுப் பின்னால் போனார்கள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது இவள் தூக்கிச் சுமந்த பையன் அவன். குனிந்த முதுகை நிமிர்த்த அங்கம்மாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. லயத்துச் சனம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பார்த்து யாரும் கேலி பேசவில்லை.

சூடம் எரிந்து முடிந்தது.

"பூவுக்காகவா?" என்றார் இராசையா.

"ம்."

"தட்ட உள்ள வையி." வெற்றிலைப் பையை எடுத்தவர் திறக்காமலே வைத்துவிட்டார்.

மறுநாள் துஷாந்தி அவளைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினாள். அங்கம்மா படத்தைப் பார்த்தாள். லில்லியின் நரம்பில் தண்ணி நின்றது. வெள்ளிக் கோப்பையின் வயிற்றில் ஹால் சன்னல் சின்னதாகத் தெரிந்தது. ஆனால் அவளுக்கு அது ஒரு கொத்தாகத் தெரியவில்லை. வலது பக்கத்து லில்லி முதல் கிழமை, பிள்ளைக் காம்பராக் கான். மொட்டு டீச்சரம்மாவுடையது, அதற்கு அடுத்த கிழமை. செவ்வந்தி விஜயலெட்சுமி முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தது. தினமும் ஏழு பூ நின்றது, ஆனால் படத்தில் இருக்கிற இந்த ஏழும் ஒருநாளும் ஒன்றாகக் கோப்பையில் நின்றதில்லை. நடுவில் டேலியா. அதன் இலையில் புழு அரித்த ஓட்டை ஒன்று, அரிசி அளவில்.

"ஓட்டையையும் போட்டிருக்கீங்களே, மேடம்."

"இருக்கிறத இருக்கிற மாதிரியே வரையணும் அக்கா. அதுதான் என் வேலை" என்றாள் துஷாந்தி. "இந்தப் படத்த நான் கொண்டுபோகப் போறதில்ல. இங்கயே குடுக்கிறேன். இது நம்ம ரெண்டு பேரும் செஞ்சது." கட்டிப்பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அது பொய்யில்லை என்று அங்கம்மாவுக்குத் தெரிந்தது.

எண்ணெய்ச் சாயம் காய மாதக்கணக்கில் எடுக்கும் என்று படத்தை ஒரு மூலை அறையில் வைத்துப் பூட்டினார்கள். அங்கம்மா பழையபடி தினமும் புதுப் பூ வைத்தாள். மாட்டுக்கு மட்டும் போடவில்லை. பெரியாயி பேசுவதை நிறுத்தியிருந்தாள். பழைய பூவை அங்கம்மா கானில் வீசினாள்.

ஆவணியில் கொழும்பிலிருந்து வேன் வந்தது. படத்துக்குச் சட்டம் போட்டு வட்ட மேசைக்குப் பின்னால் சுவரில் மாட்டினார்கள். மேலே ஒரு விளக்கு. கீழே துஷாந்தியின் பேர் பொறித்த பித்தளைத் தகடு. வெள்ளிக் கோப்பையைத் துடைத்துக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தார்கள். வேனுக்குள் இன்னும் ஆறு பெட்டி இருந்தது. அதே படத்தை அச்சடித்து அறைக்கு ஒன்றாக.

றில்வான் அவளைக் குசினிக் கதவுக்குக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அங்கம்மா, அந்த மேடம் போகும்போது பெரிய போஸ்கிட்ட ஒங்களுக்காக ரொம்பப் பேசியிருக்காங்க. பாவம், இந்த வயசுல விடியாம எழும்பி, அட்டைக் கடியோட பூத் தேடி அலையிறாங்க, இனிமே அவங்களக் கஷ்டப்படுத்தாதீங்க, அதுக்குத்தான் படத்தக் குடுக்கிறேன்னு சொன்னாங்களாம்."

"சரிங்க."

"அதனால... பூ வேல இனி இல்லன்னு ஒபிஸ்ல முடிவெடுத்துட்டாங்க. ஒங்கள திரும்ப எடுத்துக்கச் சொல்லி தோட்டத்துக்குக் கடிதம் போயிருச்சு."

அங்கம்மாவுக்கு உடனே புரியவில்லை. "மேடம் எனக்கு என்ன கேட்டாங்கன்னு சொன்னீங்க, சேர்?"

"ஓய்வு" என்றார் றில்வான். சொன்னபிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார். "நான் என்ன செய்ய? வேணும்னா ஒரு படம் கூடுதலா வந்திருக்கு, மூலை கொஞ்சம் நசுங்கினது. கொண்டுபோங்க."

கொண்டுபோனாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. காம்பராவில் மாட்ட மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு பெரியாயி வாசலுக்குப் போனாள். பெரியாயி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அங்கம்மா படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

பெரியாயி முதலில் பார்க்காத மாதிரி இருந்தாள். பிறகு பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்து, இலை ஓட்டையின்மேல் விரலை வைத்தாள்.

"இது எஞ் செடிதான். இந்தப் புழுவுக்கு நாந்தான் சாம்பல் போட்டேன்."

"ஆமாக்கா."

ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. பெரியாயி சேலையை எடுத்துப் படத்தைத் திரும்பச் சுற்றினாள், கவனமாக, நாலு மூலையும் மடித்து. அவள் கையில் கொடுத்தாள்.

"கொண்டுபோ. இதக் கரகத்துல வைக்க முடியுமா?"

திங்கட்கிழமை காலை, மலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் அங்கம்மா நின்றாள். இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை, பதினோரு வருடத்துக்குப் பிறகு. கணக்கப்பிள்ளைக்கு அவள் மகன் வயது. கையைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான், எட்டாம் நம்பர் மலைக்கே பேர் போட்டான். முதல் நாள் ஒன்பது கிலோ. கிழமை முடிவில் பதினொன்று. அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு விரலுக்கு நடுவில் கொழுந்தைக் கிள்ளித் திருப்புகிற இடத்தில் மணிக்கட்டு திரும்ப மறுத்தது. முதல் மாதம் அரைப்பேர். இரண்டாம் மாதமும் அரைப்பேர். இராசையா இப்போது சாவைப் பற்றிப் பகிடி விடுவதில்லை. மகனுக்குப் போன் எடுத்து, கொழும்பில் ஒரு அறை என்ன விலை என்று மெதுவாக விசாரித்ததை அவள் ஒட்டுக்கேட்டாள்.

மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம் பங்களாவிலிருந்து ஆள் வந்தது, றில்வான் சேர் கூப்பிடுகிறார் என்று. பூ வேலை திரும்ப வந்துவிட்டதோ? கூடையை மலையிலேயே வைத்துவிட்டு அரை ஓட்டமாகப் போனாள்.

பின்கதவில் றில்வான் போனோடு நின்றார். "துஷாந்தி மேடம் மெசேஜ் போட்டிருக்காங்க. அங்கம்மா அக்கா எப்படி இருக்காங்க, இப்பவாவது காலையில நல்லாத் தூங்குறாங்களான்னு. ஒங்க குரல் கேக்கணுமாம். ரெண்டு வார்த்த பேசுங்க." பொத்தானை அழுத்திப் போனை அவள் வாய்க்குக் கிட்டே பிடித்தார்.

குசினிக்கு அப்பால் ஹால் தெரிந்தது. சுவரில் விளக்கு வெளிச்சத்தில் டேலியா.

"மேடம், அங்கம்மா பேசுறேன்" என்றாள். "நான் இப்ப மலைக்குப் போறேன். நாலு மணிக்குத்தான் எந்திரிக்கிறேன், மொதல்ல எந்திரிச்ச மாதிரியே. கை வலிக்குது. நீங்க எனக்காகப் பேசுனீங்கன்னு சேர் சொன்னாரு. பேசுறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். அந்தப் பெரிய செவப்புப் பூ, பெரியாயி அக்காவுது. சாமிக்கு நேந்து வச்சது. நான் திருடிக் கொண்டாந்தேன். அத அன்னைக்கு ஒங்ககிட்டச் சொல்லல. இப்பச் சொல்லிட்டேன்."

றில்வான் விரலை எடுக்கவில்லை. பிறகு விரலைப் பக்கவாட்டில் இழுத்தார். பேசியது அழிந்தது.

"அங்கம்மா, இத அனுப்பினா எனக்கும் நாளைக்கு வேல இல்ல. மூணு புள்ள படிக்குது."

"தெரியுங்க, சேர்."

அவர் ஏதோ தட்டினார். என்ன எழுதினீர்கள் என்று அவள் கேட்டாள். நல்லா இருக்காங்க, ஒங்களுக்கு நன்றி சொல்றாங்கன்னு, என்றார். எழுத்துக்குக் கீழே கும்பிடுகிற கைப் படம் ஒன்று, கூடவே ஒரு சிவப்புப் பூ. போய்ச் சேர்ந்த ஒரு நிமிடத்தில் கனடாவிலிருந்து பதில் வந்துவிட்டது, ஒரு இருதயம். றில்வான் அதை அவளிடம் காட்டினார். அவள் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

மலைக்குத் திரும்பியபோது பின்னேரக் கொழுந்து நிறுக்கத் தொடங்கியிருந்தது. வரிசையில் அவளுக்கு முன்னால் பெரியாயி நின்றாள், இருபது கிலோ, முழுப்பேர், திரும்பிப் பார்க்காமல் போனாள். அங்கம்மா கூடையைத் தராசில் தொங்கவிட்டாள். முள் ஆடி ஆடி நின்றது.

"பத்து" என்றான் கணக்கப்பிள்ளை. பென்சிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான். "இன்னைக்கும் அரைப்பேர்தாங்க, அக்கா. போடவா?"

"போடு" என்றாள்.